முதல் ஆராய்ச்சிக்கு முதல் நல்கை: ஒரு பெட்டி கூத்து நோட்டுகளை வைத்து ஒரு வழிகாட்டி

செய்யாறுப் பக்கம் ஒரு கூத்து வாத்தியார் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அறுபது நோட்டுகள். கர்ண மோட்சம், அபிமன்யு சண்டை, அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று நோட்டுக்கு ஒரு ஆட்டம். பாட்டு, விருத்தம், வசனம், நடுநடுவே மளிகைக் கணக்கு, யாருக்கோ கொடுத்த அட்வான்ஸ், ஒரு ஜாதகக் கட்டம். சிலது 1930களில் எழுதியது, சிலது 1985இல் பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. ஒரு மூலையில் கரையான் ஏறியிருக்கிறது. இதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது, ஆனால் பஸ்ஸுக்குக்கூடக் கைக்காசு போட்டுத்தான் போய்வந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கலை, இலக்கியம், வரலாறு, நாட்டார் வழக்காறு என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இன்னும் பெரிதாகத் தொடங்காத ஒரு ஆராய்ச்சிக்கு நல்கை, அதாவது கிராண்ட், கேட்பது எப்படி என்பதே விஷயம். எனக்குத் தெரிந்த உலகம் தெருக்கூத்து, அதனால் உதாரணமெல்லாம் அங்கிருந்தே வரும். உங்களிடம் இருப்பது ஸ்டூடியோ போட்டோவோ, நாதஸ்வரக்காரர் டைரியோ, ஊர்ப் பஞ்சாயத்துப் பத்திரமோ என்றால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். என் முதல் விண்ணப்பத்தில் நான் வட தமிழ்நாட்டுக் கூத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், அனைத்தையும் ஆவணப்படுத்துவதாக எழுதினேன். அதோடு ஒரு இணையக் காப்பகம், ஒரு புத்தகம், ஒரு ஆவணப்படம், இளைஞர்களுக்குப் பயிற்சி. பதினெட்டு மாதத்தில். பட்ஜெட்டைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது, ஆனாலும் அனுப்பினேன். நிராகரித்தார்கள். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: இதில் முதல் மூன்று மாதம் என்ன செய்வீர்கள் என்று புரியவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது புரிந்திருக்கவில்லை.

தொடக்க நிலை நல்கை என்பது உங்கள் கனவை முடித்துக் கொடுக்கிற பணம் இல்லை. அந்தக் கனவுக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கொடுக்கிற பணம். அறுபது நோட்டில் எத்தனை படிக்கிற நிலையில் இருக்கின்றன, எந்த ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருக்கிறது, பக்கத்து ஜமாவில் இதே மாதிரி பெட்டி உண்டா, குடும்பம் சம்மதிக்குமா. இவற்றுக்குப் பதில் கண்டுபிடிப்பதே ஒரு முழு வேலை, அதற்கே நல்கை கேட்கலாம்.

யார், எதற்குத் தருகிறார்கள்

ஒரே பெட்டியை வைத்து மூன்று இடத்தில் கேட்கலாம், ஆனால் மூன்று இடத்திலும் ஒரே விஷயத்தைக் கேட்க முடியாது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெங்களூரில் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், எல்லாரும் ஐ.எஃப்.ஏ. என்பார்கள், 1993இல் தொடங்கி 1995 முதல் நல்கை கொடுத்துவருகிற அமைப்பு. அரசு சாராதது. கலை ஆராய்ச்சிக்கு என்று தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை, தமிழிலேயே விண்ணப்பம் எழுதி அனுப்பலாம். பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர்கள் பார்ப்பது உங்கள் கேள்வியை. அறுபது நோட்டையும் படம் எடுத்து வைக்கிறேன் என்று மட்டும் போனால், சரி, படம் எடுத்த பிறகு என்ன யோசிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். முடிவில் உங்கள் வேலையின் ஒரு பகுதி அவர்களுடைய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்திடம் ஒப்புதல் வாங்கும்போது இதைச் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் லைப்ரரி நடத்தும் அழியும் ஆவணங்களுக்கான திட்டம், இ.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்வோம், இதற்கு நேர் எதிர். ஆர்க்கேடியா என்கிற அறக்கட்டளைப் பணத்தில் 2004 முதல் நடக்கிறது. அவர்களுக்கு வேண்டியது படம். அழியப்போகிற கையெழுத்தை, காகிதத்தை, கண்ணாடி நெகட்டிவை நல்ல தரத்தில் படமெடுத்துப் பட்டியல் போட்டுக் கொடுப்பதற்குத்தான் பணம், அதைப் படித்து ஆராய்வதற்கு இல்லை. தொடக்க நிலைக்கு அவர்களிடம் பைலட் நல்கை இருக்கிறது: 15,000 பவுண்டு வரை, ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், எங்கே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து ஒரு சிறு பகுதியைப் படமெடுப்பது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் நிறைய நடந்திருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் இருக்கிற பிரெஞ்சு நிறுவனம் பழைய ஸ்டூடியோ போட்டோக்களையும் ஊர் நியாய சபைகளின் பத்திரங்களையும் இப்படித்தான் படமெடுத்தது. அந்தத் திட்டங்களின் பக்கங்களைப் போய்ப் படியுங்கள், விண்ணப்பம் எழுதும் பயிற்சி வகுப்பு எதற்குப் போனாலும் அவ்வளவு கிடைக்காது.

ஆனால் இ.ஏ.பி.யில் ஒரு சிக்கல். பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய பொருள்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நம் பெட்டியில் 1930களின் நோட்டு பொருந்தும், 1985இன் பால்பாயிண்ட் நோட்டு பொருந்தாது. அதனால் விண்ணப்பத்துக்கு முன்னால் நோட்டுகளைக் காலவாரியாகப் பிரித்துவிடுங்கள். தேதி எழுதாத நோட்டுக்குக் காகிதம், மை, உள்ளே இருக்கிற கணக்கில் வரும் விலைவாசி, அணா பைசா போட்டிருக்கிறதா நயா பைசாவா என்பதெல்லாம் உதவும். நயா பைசா வந்தது 1957இல், ஆகவே அந்த வார்த்தை இருந்தால் அந்தப் பக்கம் அதற்கு முன்னால் எழுதியதாக இருக்க முடியாது.

மூன்றாவது, மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர், சீனியர் ஃபெல்லோஷிப்புகள், அதன் கலாச்சார வள, பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. வழியாக வருபவை. ஜூனியருக்கு 25 முதல் 40 வயது, மாதம் 10,000 ரூபாய். 40க்கு மேல் சீனியர், மாதம் 20,000. இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக வரும். இது திட்டத்துக்கான பணம் இல்லை, உங்களுக்கான உதவித்தொகை. கேமரா வாங்க, வாத்தியாருக்குக் கொடுக்க என்று தனிக் கணக்கு கிடையாது, எல்லாம் அந்தப் பத்தாயிரத்துக்குள். தனி ஆளாக ஒரே ஊரில் உட்கார்ந்து மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு இது பொருந்தும். வேறு வருமானம் எதுவுமே இல்லாதவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

பிஎச்.டி. பதிவு செய்திருப்பவர்கள் என்றால் கதை வேறு. யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் களப்பணி செய்யலாம். வரலாற்று ஆராய்ச்சிக்கு 1972இல் அமைந்த ஐ.சி.எச்.ஆர்., சமூக அறிவியலுக்கு 1969இல் அமைந்த ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., இரண்டிலும் ஃபெல்லோஷிப்பும் நல்கையும் உண்டு. அங்கெல்லாம் வழிகாட்டி, துறைத்தலைவர் கையெழுத்து, பல்கலைக்கழக முத்திரை என்று வேறொரு ஓட்டம், அதை இங்கே விரிக்கவில்லை.

தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் மாறக்கூடியவை. அந்த வருட அறிவிப்பை வரிவரியாகப் படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். நண்பர் போன வருடம் அனுப்பிய வாட்ஸாப் பார்வர்டை நம்பி விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வியைப் பிடிப்பது

"தெருக்கூத்துப் பிரதிகள்: ஓர் ஆய்வு". இது தலைப்பு, கேள்வி இல்லை. எம்.ஃபில். காலத்துப் பழக்கம் நம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கேள்வி எப்படி வரும் என்றால், பெட்டியைப் பார்த்து உங்களுக்கு எது விளங்கவில்லையோ அங்கிருந்து வரும். உதாரணமாக, பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் மாதிரியான பதிப்பகங்கள் கூத்து நாடகங்களை மலிவு விலையில் அச்சடித்து விற்றிருக்கின்றன. கடையில் அச்சுப் புத்தகம் கிடைக்கும்போது இந்த வாத்தியார் ஏன் இருநூறு பக்கம் கையால் எழுதினார்? அச்சில் இருப்பதையே பார்த்து எழுதினாரா, இல்லை தன் குருவிடம் கேட்டதை எழுதினாரா? கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் பாட்டைக் கூட்டியிருக்கிறாரா? கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வசனம் மட்டும் நோட்டில் ஏன் இல்லை, அது எப்போதும் வாயிலேயே இருந்துவிட்டதா?

இப்படி நாலு கேள்வி எழுதி, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆட்டம், கர்ண மோட்சம். மூன்று கைப்பிரதி, ஒரு அச்சுப் பிரதி, ஒரு இரவு நேரில் பார்த்துப் பதிவு செய்த ஆட்டம். இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறுகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். சின்னதாகத் தெரியும். ஆனால் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்கிற ஜூரிக்கு, இந்த ஆள் முதல் மாதம் எங்கே இருப்பார், ஆறாவது மாதம் எங்கே இருப்பார் என்று கண்ணில் தெரியும். என் இரண்டாவது விண்ணப்பம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது, அது கிடைத்தது.

இன்னொன்று, ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் "இதுவரை யாரும் செய்யாத" என்று எழுதிவிடாதீர்கள். ஜூரியில் உட்கார்ந்திருப்பவரே செய்திருப்பார். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் அச்சுப் பிரதிகளின் நிலவரம் தெரிந்துவிடும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களை அடித்தளமாக வைத்து 1994இல் தொடங்கியது அது, பாட்டுப் புத்தகம், நாடகப் புத்தகம், நோட்டீஸ் என்று வேறெங்கும் கவனிக்காததெல்லாம் அங்கே இருக்கும். பார்த்த புத்தகத்தின் பெயரையும் ஆண்டையும் விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதினாலே போதும், நீங்கள் வீட்டுப்பாடம் செய்தவர் என்பது தெரியும்.

கையெழுத்து வாங்குவது

இதைத்தான் நிறையப் பேர் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் வையுங்கள்.

வாத்தியார் உயிரோடு இருந்தால் பேச்சு சுலபம். இறந்திருந்தால் நோட்டு யாருடையது? பெட்டி மூத்த மகன் வீட்டில் இருக்கும், ஆட்டம் ஆடுகிறவர் இளைய மகனாக இருப்பார், நல்ல நோட்டு இரண்டை ஒரு சீடர் எடுத்துப் போயிருப்பார். ஒரு வீட்டில் நான் அண்ணனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாம் நாள் தம்பி வெளியூரிலிருந்து வந்தார். யாரைக் கேட்டு எங்கப்பா நோட்டைப் போட்டோ எடுக்கிறாய் என்று ஒரே கேள்வி, பெட்டி மூடிவிட்டது. அவர் கேட்டது தப்பே இல்லை. திறக்க நாலு மாதம் ஆனது, அதற்குள் நான் கேட்டிருந்த கால அளவில் பாதி போயிற்று. அதனால் பாத்தியதை உள்ள எல்லாரும் ஒரே நாளில் உட்காருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள், ஒரு காரியமோ கல்யாணமோ வந்தால் தானாகவே அமையும்.

ஒப்புதல் கடிதம் தமிழில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், அவர்கள் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கும், படம் எங்கெங்கே போகும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடியுமா முடியாதா, எந்தப் பக்கத்தைக் காட்டக் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா, பாதியில் வேண்டாம் என்றால் என்ன ஆகும். இவ்வளவும் வேண்டும். இணையம் என்றால் என்னவென்று சொல்லி விளக்காமல் செல்போனில் வேறொரு காப்பகத்தின் பக்கத்தைத் திறந்து, இந்த மாதிரி உங்கள் அப்பா கையெழுத்து உலகத்தில் யாருக்கும் தெரியும் என்று காட்டிவிடுங்கள். சிலர் சந்தோஷப்படுவார்கள். சிலர், அப்ப அடுத்த ஜமாக்காரன் நம்ம பாட்டை எடுத்துக்குவானே என்பார்கள். அது நியாயமான பயம், அவர்கள் பிழைப்பு அது. அந்த நோட்டை இணையத்தில் போடாத நிதியாளரிடம் போக வேண்டியதுதான்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவாக எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, எனவே 1985 நோட்டில் வாத்தியார் சொந்தமாகக் கட்டிய பாட்டு இருந்தால் அது குடும்பத்தின் சொத்து. அடுத்தது, 1972 தொல்பொருள் சட்டம் 75 ஆண்டுக்கு மேற்பட்ட, மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளைத் தொல்பொருளாகக் கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்ட நோட்டை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் பேச்சே வரக்கூடாது. இ.ஏ.பி.யும் மூலத்தை நாட்டை விட்டு நகர்த்த விடாது, டிஜிட்டல் நகல் ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் ஒன்று பிரிட்டிஷ் லைப்ரரியிலும் இருக்கும்.

பட்ஜெட்

ஜூரி முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான் என்பது என் சந்தேகம். நீங்கள் உண்மையிலேயே அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும்.

உள்நாட்டு நல்கைக்கு, ஒரு வருடத்துக்கு, ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். உங்கள் சம்பளம் மாதம் 12,000 வீதம் 1,44,000. ஊரில் தங்குகிற நாள் 40, நாளுக்கு ரூம், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 900, ஆக 36,000. நாலு வாத்தியார்களுக்கு ஆளுக்கு 10,000 வீதம் 40,000. ஒலிப்பதிவுக் கருவி 15,000. ஹார்ட் டிஸ்க் மூன்று, 15,000. முப்பது மணி நேரப் பதிவை எழுத்தாக்க மணிக்கு 1,000 வீதம் 30,000. நகல் அச்சடித்து பைண்டிங் செய்து குடும்பங்களுக்குக் கொடுக்க 12,000. சில்லறைச் செலவு 8,000. கூட்டினால் சரியாக 3,00,000 வருகிறது. நான் உதாரணத்துக்குப் போட்டதால் இப்படி உருண்டையாக வந்தது. உங்களுடையது 2,93,400 என்று வந்தால் அப்படியே விடுங்கள், மூன்று லட்சமாக்குவதற்காக எதையும் ஊதாதீர்கள்.

வாத்தியார்களுக்கான தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். "தேநீர், சிற்றுண்டி" என்கிற தலைப்பில் ஒளிக்க வேண்டாம். உங்களுக்கு விளக்கம் சொல்வதற்காக அவர் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. எனக்குத் தெரிந்து இந்த வரியைப் பார்த்து எந்த ஜூரியும் முகம் சுளித்ததில்லை. உங்கள் சொந்தச் சம்பளத்தையும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். சேவையாகச் செய்கிறேன் என்று எழுதினால் நல்ல பெயர் வரும் என்று நினைப்போம், ஆறாவது மாதம் வாடகை கட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போவீர்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

எழுத்தாக்கத்துக்கு எல்லாரும் குறைவாகப் போடுவார்கள். ஒரு மணி நேரக் கூத்துப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது, ஆர்மோனியமும் முகவீணையும் மேலே ஏறிக்கொண்டால் இன்னும் அதிகம்.

படமெடுக்கிற திட்டம் என்றால் கணக்கு இப்படிப் போகும். நோட்டுக்கு 200 பக்கம், விரித்து வைத்து எடுத்தால் 100 படம், அறுபது நோட்டுக்கு 6,000. பழகிய இருவர் ஒரு நாளில் நிதானமாக 300 படம் எடுப்பார்கள் என்றால் 20 நாள். அதை 30 என்று போடுங்கள், கரெண்ட் போகும், வீட்டில் விருந்தாளி வருவார்கள், ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிக்க அரை நாள் போகும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பு (கேமரா அப்படியே பதிவு செய்வது) தோராயமாக 30 எம்.பி., அதிலிருந்து செய்கிற டிஃப் (சேமித்து வைப்பதற்கான படக் கோப்பு) 72 எம்.பி. இரண்டும் சேர்த்து ஆறாயிரம் படத்துக்கு 600 ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஒரு டெராபைட் டிஸ்க் போதும், ஆனால் மூன்று வேண்டும், மூன்றும் மூன்று வீட்டில் இருக்க வேண்டும். "சேமிப்புக் கருவிகள்: 15,000" என்று மொட்டையாக எழுதுவதற்கும் இந்தக் கணக்கை இரண்டு வரியில் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னொரு தலைவலி. இ.ஏ.பி. மாதிரியான நல்கை ஒரு நிறுவனத்தின் வழியாக வர வேண்டும், இந்தியாவில் அந்த நிறுவனம் தொண்டு அமைப்பாக இருந்தால் அதற்கு வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வந்து சேரும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஊரில் நண்பரின் டிரஸ்ட் இருக்கிறது, யாரோ வாங்கி அங்கே மாற்றிவிடுவார்கள் என்கிற திட்டம் எல்லாம் நடக்காது. எனவே கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே, உங்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் எது, அதன் பதிவு நடப்பில் இருக்கிறதா, அவர்கள் ஆடிட்டர் ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இ.ஏ.பி.யில் விண்ணப்பமே இரண்டு கட்டம்: முதலில் சுருக்கமான ஒன்று, அது தேறினால்தான் விரிவான ஒன்று. ஆகவே எடுத்த எடுப்பில் பணம் வராது.

காலண்டர்

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரை ஓடும். அந்த நேரத்தில் ஜமாக்காரர்கள் விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் வேஷம் கலைத்துத் தூங்கப் போவார்கள். காலை பத்து மணிக்குப் பேட்டி எடுக்கிறேன் என்று போய் நின்றால் மரியாதைக்காக எழுந்து உட்காருவார்கள், பேச்சில் உப்பு இருக்காது. சீசனில் ஆட்டத்தைப் பாருங்கள், பதிவு செய்யுங்கள், துரியோதனன் வீழ்கிற படுகளம், தீமிதி வரை கூடவே இருங்கள். நோட்டு வேலையையும் உட்கார்ந்து பேசுகிற வேலையையும் ஆவணி, புரட்டாசிக்குத் தள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, ஈரக் காகிதத்தைத் தொடவே கூடாது.

இந்தக் காலண்டரை விண்ணப்பத்தில் மாதவாரியாக எழுதுங்கள். நல்கை எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு சீசனே தவறிப் போகலாம், அப்படித் தவறினால் என்ன செய்வீர்கள் என்றும் ஒரு வரி போடுங்கள். களத்தை அறிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்தப் பேராசிரியரும் எழுதிக் கொடுக்க முடியாது. பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால் அதையும் வாங்கத்தான் வேண்டும், ஒரு மாதம் முன்பே கேளுங்கள், உங்கள் வரைவையும் கூடவே அனுப்புங்கள். இல்லாவிட்டால் "இவர் கடின உழைப்பாளி, நற்பண்புகள் உடையவர்" என்று வரும்.

பணம் வந்த பிறகு

தவணையாகத்தான் வரும். ஒப்பந்தம் ஆனதும் ஒன்று, இடைக்கால அறிக்கையும் கணக்கும் கொடுத்ததும் அடுத்தது, கடைசித் துண்டு பெரும்பாலும் எல்லாம் முடித்துக் கணக்கு ஒப்படைத்த பிறகு. அதாவது கடைசி இரண்டு மாதச் செலவை நீங்கள் கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை, வட்டிக்கு வாங்கினேன்.

தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து எல்லாச் செலவையும் அதிலிருந்தே செய்யுங்கள். டீக்கடை, ஷேர் ஆட்டோ, வாத்தியார் வீட்டுக்கு வாங்கிப் போன பழம், எதற்கும் பில் வராது. முடிந்தவரை ஜிபே பண்ணிவிட்டால் தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடும். முடியாத இடத்தில் வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஆனால் எந்த அளவு வரை வவுச்சர் செல்லும் என்பதை முதல் நாளே நல்கை தருபவரின் கணக்குப் பிரிவில் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் மாற்ற வேண்டுமென்றால் மாற்றுவதற்கு முன்னால் எழுதிக் கேளுங்கள். மாற்றிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது பெரிய பாடு.

குடும்பத்துக்கு நகல் கொடுக்கும்போது பென் டிரைவ் மட்டும் கொடுக்காதீர்கள். அது சாமி அலமாரியில் உட்கார்ந்துவிடும். பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, பைண்ட் பண்ணி, அட்டையில் வாத்தியார் பெயரைப் போட்டுக் கொடுத்தால் அடுத்த சீசனில் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பார்கள்.

கிடைக்கவில்லை என்றால், ஏன் என்று எழுதிக் கேளுங்கள். எல்லாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சிலர் சொல்வார்கள். அதே விண்ணப்பத்தைத் தேதி மட்டும் மாற்றி அடுத்த வருடம் அனுப்பாதீர்கள். அடுத்த அழைப்பு வருவதற்குள் ஐந்தே ஐந்து நோட்டைச் செல்போனில் படமெடுத்து, ஒன்றையாவது முழுக்கப் படித்து, பட்டியல் போட்டுவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்தோடு அந்தப் பட்டியலை இணைக்கலாம். இதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை, பெட்டிக்காரர்களைத் தவிர.